ஒரு குடம், ஒரு ரேஸ்

நான் முதல் தடவை ஆல்ப்ஸ் மலையில் சறுக்கி இறங்கியது கறுப்பு வெள்ளையில். இடம், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெரு. எதிர்வீட்டுப் பெரியம்மா வீட்டு ஹால்.

கறுப்பு வெள்ளைக்குக் காரணம் உண்டு. பிளே ஸ்டேஷன் 2 துபாயிலிருந்து வந்தது, பெரியம்மாவின் தம்பி உபயம். உள்ளே சிப் போட்டு, எந்த நாட்டு டிஸ்க்கையும் தின்னும்படி பழக்கியிருந்தார்கள். டிஸ்க் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. மேலே மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய காப்பி. டிவி மட்டும் நம்மூர், பெரியப்பா ஆவடி டாங்க் ஃபேக்டரி சம்பளத்தில் தவணை கட்டி வாங்கியது. டிஸ்க்கில் இருந்தது அமெரிக்க முறைப் படம், டிவிக்குத் தெரிந்தது நம் தூர்தர்ஷன் முறை. இரண்டும் ஒருவழியாகச் சமாதானமாகிப் படம் வந்துவிட்டது, நிறம் வரவில்லை.

கார் ரேஸ் என்றால் அன்றைக்கே அடிதடியாகியிருக்கும், யார் வண்டி எது என்று தெரியாமல். இது பனி. பனிக்கு எதற்குக் கலர்? வெள்ளை மலை, கறுப்பு மரம், சாம்பல் வானம், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த பனி இரண்டே வகை: ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் கத்தியால் சுரண்டி எடுப்பது ஒன்று, ‘ரோஜா’ படத்தில் பார்த்தது இன்னொன்று. மாதக்கணக்கில் ஆடிய பிறகு கொரட்டூரில் அத்தை வீட்டு டிவியில் அதே டிஸ்க்கைப் போட்டபோதுதான், டோக்கியோ ஸ்டேஜ் முழுக்க நியான் விளக்கு என்பது தெரிந்தது. அன்று ராத்திரி தெருவில் அதைப் போய்ச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

விளையாட்டின் பெயர் எஸ்.எஸ்.எக்ஸ். டிரிக்கி. முதல் எஸ்.எஸ்.எக்ஸ். 2000 அக்டோபரில், அமெரிக்காவில் பிளே ஸ்டேஷன் 2 விற்பனைக்கு வந்த கையோடு வந்தது. 2001 நவம்பரில் டிரிக்கி. செய்தவர்கள் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியின் கனடா கிளைக்காரர்கள், வான்கூவரை ஒட்டிய பர்னபியில். பெயரே ரன் டி.எம்.சி. என்ற அமெரிக்க ராப் குழுவின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது. ‘டைட்டானிக்’ வில்லன் பில்லி ஜேன், லூசி லியு போன்ற ஹாலிவுட் ஆட்களைப் பிடித்துக் குரல் கொடுக்க வைத்திருந்தார்கள். அந்த டிவியின் ஸ்பீக்கரில் லூசி லியுவும் ஒன்றுதான், கோயம்பேட்டில் பஸ் கூவுகிற ஆளும் ஒன்றுதான்.

ஆடும் முறையைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் அதில் விழுந்தோம் என்பது புரியும். எக்ஸ் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஆள் பலகையின் மேல் குந்துவான். விட்டால் எகிறுவான். எகிறுவதற்கு முன்பே, பலகை இன்னும் பனியில் இருக்கும்போதே, அம்புக்குறி பட்டனால் அவனைப் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுகிற மாதிரி முறுக்கேற்ற வேண்டும். காற்றில் ஏறியதும் அந்த முறுக்கு அவிழும். அப்போது ஜாய்ஸ்டிக்கின் நெற்றியில் இருக்கிற நாலு பட்டனில் ஒன்றை அமுக்கினால் பலகையைக் கையால் பிடிப்பான். தரை வருவதற்குள் பட்டனை விட்டுவிட வேண்டும்; விடாவிட்டால் மூஞ்சி பனியில். வித்தை காட்டக் காட்ட ஓரத்தில் ஒரு மீட்டர் ஏறும், அதுதான் வேகத்துக்குப் பெட்ரோல். மீட்டர் நிரம்பினால் பெரிய வித்தை காட்டலாம். ஒவ்வொரு பெரிய வித்தைக்கும் ‘டிரிக்கி’ என்ற ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து எரியும். ஆறு எழுத்தும் எரிந்துவிட்டால் பெட்ரோல் தீரவே தீராது. ஆக, ஒழுங்காக நேர்வழியில் போகிறவன் கடைசியில் வருவான். நடுவழியில் தேவையில்லாமல் குட்டிக்கரணம் அடிக்கிறவன் முதலில் வருவான். பத்தாம் வகுப்பு டியூஷனில் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னாளில் ஆபீசில் பார்த்தபோது விளையாட்டுதான் சரியாகச் சொல்லியிருந்தது.

ஆட்களின் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. கவோரி ‘ஜப்பான்காரி’ ஆனாள். சைமன் ‘பைத்தியம்’. லூத்தருக்கு ‘லாரி டிரைவர்’ என்று பெயர், உடம்பைப் பார்த்து வைத்தது. இவர்களில் ஒருவரை ஒரு ரேஸில் இடித்துத் தள்ளினால் அடுத்த ரேஸ் வரை மனதில் வைத்திருந்து திருப்பித் தள்ளுவார்கள். எங்கள் தெருவில் பொதுக்குழாய்க்கு வருகிறவர்களிடம் பார்த்த குணம் என்பதால் இதைத் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. ஸ்டேஜ்களில் எனக்குப் பிடித்தது ஹவாய். வெயில் கொளுத்தும் தீவில் ஒரு பனிப்பாறையை இழுத்து வந்து நிறுத்தி அதன் மேல் ரேஸ் விடுவார்கள். இதைக் கற்பனை செய்தவர் ஒரு மே மாதம் பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை நடந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மே மாதம் என்றால் 2003 மே. அந்த மாதம் 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையின் வானிலைக் கணக்கிலேயே அதுதான் உச்சம். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்ன பிறகு வந்த வெயில். பெரியம்மா வீட்டு ஹாலில் ஒரு டேபிள் ஃபேன் உண்டு. அது எங்கள் பக்கம் திரும்பாது. மெஷின் சூடானால் டிஸ்க்கைப் படிக்க மாட்டேன் என்று கறுப்புத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும் என்பதால் காற்று முழுக்க அதற்கு. அப்படியும் நின்றால் மூடியைக் கழற்றி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் லென்சைத் துடைப்பான் அண்ணன், அதாவது பெரியம்மாவின் மகன். அந்த நேரம் யாரும் பேசக் கூடாது, பக்கத்தில் மூச்சும் விடக் கூடாது. வியர்வை சொட்டி லென்சில் விழுந்தால் ஆல்ப்ஸ் மலையே போய்விடும்.

அது தண்ணீர் இல்லாத வருஷமும்கூட. நகரத்துக்குக் குடிநீர் தருகிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் இருப்பது நகரத்தின் மேற்கிலும் வடமேற்கிலும். எங்கள் ஊருக்கே சொந்தமாக ஓர் ஏரி, பக்கத்து ஊர் கொரட்டூருக்கு ஒன்று. சுற்றி இத்தனை ஏரியை வைத்துக்கொண்டு நாங்கள் லாரிக்குக் காத்திருந்தோம். குடங்கள் ஆட்களுக்கு முன்பே வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர்கள் கல்லை வைப்பார்கள். கல்லுக்கும் மரியாதை உண்டு.

இங்கேதான் பெரியம்மாவின் பொருளாதாரம் நுழைகிறது. விடுமுறையில் ஒரு நாள் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது லாரி ஹாரன் கேட்டது. பெரியம்மா வாசலில் நின்று சொன்னார்: “டேய், எல்லாரும் எழுந்திருங்க. சும்மா யாரும் ஆட வேணாம். ஒரு குடம் தண்ணி, ஒரு ரேஸு.”

விலை அன்றோடு நிலைத்துவிட்டது. கத்தரிப்பூ கலர் பிளாஸ்டிக் குடம், கழுத்து வரை நிறைய. இடுப்பில் வைத்து எடுத்து வந்து பின்கட்டு டிரம்மில் கொட்டினால் அவர் காலண்டர் அட்டையின் பின்பக்கம் நம் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். வழியில் சிந்தினால் கணக்கு வேறு.

“பெரியம்மா, கொஞ்சம்தான் சிந்துச்சு.”

“பாதிக் குடம் காலி, கொஞ்சமாம்! பாதி மலைல ஆஃப் பண்ணிடுவேன், பரவால்லியா?”

சொன்னதைச் செய்யவும் செய்தார். அலாஸ்காவின் நடு மலையில், ஐந்து எழுத்து எரிந்த நிலையில் ஸ்விட்ச் போர்டில் அவர் கை போனதைப் பார்த்திருக்கிறேன். தெருவுக்கே தண்ணீர் தட்டுப்பாடு. அவர் வீட்டு டிரம் மட்டும் விளிம்பு வரை நிறைந்திருந்தது. அந்தத் தண்ணீரில் அவர் சோறு வடித்தார். பதிலுக்கு எங்களுக்குக் கிடைத்தது மலை மலையாகப் பனி. யார் யாரை ஏமாற்றினார்கள் என்று இப்போது கணக்குப் பார்த்தால் சரியாகப் பிடிபடவில்லை.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் அமைப்பது என்று தீர்மானம் போட்டார்கள். காமராஜர் முதலமைச்சர், நேரு வந்திருந்தார். ஆவடிக்கு நாலைந்து மைல் தள்ளி அது கொஞ்சமாவது நிறைவேறியது அந்த ஹாலில்தான். உற்பத்திச் சாதனம் ஒன்று, உழைப்புக்கேற்ற ஊதியம், ஆளுக்கு ஒரு ரேஸ், வெளியில் வரிசை. சோஷலிசம் என்றால் கட்சித் தலைமைக்குச் சலுகையும் உண்டே. அண்ணன் குடம் தூக்காமலே ஆடலாம். எப்போதும் முதல் ஸ்டேஜ் கரிபால்டிதான் ஆடுவான். கண்ணை மூடிக்கொண்டு ஆடிக் காட்டி அஞ்சு ரூபாய் பந்தயம் ஜெயித்திருக்கிறான்.

நிஜமாகச் சறுக்கிப் பார்க்கலாம் என்றால் அம்பத்தூர் தட்டையான ஊர். இருந்த சரிவு ஏரிக்கரை ஒன்றுதான். ஏரி வற்றிய புண்ணியத்தில் கரை எங்களுக்கு மலையாகத் தெரிந்தது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து அதன் மேல் நின்று இறங்குவோம். நின்றபடி பாதி தூரம், மிச்சம் எப்படியென்று டவுசரைப் பார்த்தால் தெரியும். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று. பனிச்சறுக்குப் பலகை ஒலிம்பிக்கில் முதலில் சேர்ந்தது 1998இல் ஜப்பானின் நாகானோவில். அதே நாகானோவுக்கு மணாலிப் பக்கத்திலிருந்து ஷிவ கேசவன் என்ற பையன், வயது 16, லூஜ் எனும் பனிவண்டிப் போட்டிக்குப் போனான். 2018 வரை ஆறு ஒலிம்பிக். பயிற்சிக்கு இந்தியாவில் பனித்தடம் கிடையாது. வண்டிக்கு அடியில் சக்கரம் மாட்டிக்கொண்டு மலைத் தார்ரோட்டில் லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே மல்லாந்து படுத்து இறங்கினார். அட்டைப்பெட்டிக்கும் அதற்கும் தூரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். திசை ஒன்றுதான்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அண்ணன் இன்ஜினியரிங் முடித்து எஸ்டேட்டிலேயே பழைய ஃபேக்டரி இடத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போனான். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2012 பிப்ரவரி கடைசியில் புது எஸ்.எஸ்.எக்ஸ். வந்தது, இந்தத் தடவை நாசா எடுத்த நிலப்படங்களை வைத்து உலகத்து நிஜ மலைகளைக் கட்டியிருந்தார்கள், அதில் இமயமலையும் ஒன்று. உயரத்தில் காற்று போதாது, ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டே இறங்க வேண்டும். அதே பிப்ரவரி கடைசியில் சென்னையின் தினசரி மின்வெட்டு ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரமானது. அண்ணன் சம்பளத்தில் வாங்கிய புது மெஷின், புது டிவி, எல்லாம் கலரில். இமயமலையில் ஆக்சிஜன் பாதி இருக்கும்போது கரண்ட் போகும். கையில் ஜாய்ஸ்டிக்கோடு இருட்டில் உட்கார்ந்து விசிறுவோம். அடுத்த வருஷம் அவன் கனடா போய்விட்டான்.

2015 டிசம்பரில் தண்ணீர் கேட்காமலே வீட்டுக்குள் வந்தது; எங்களுக்குக் கறுப்பு வெள்ளையில் காட்டிய டிவி அதில் போனது, பரணில் இருந்ததால் பழைய பிளே ஸ்டேஷன் தப்பியது. 2019இல் மறுபடி வறட்சி. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். அரக்கோணம் தடத்தில் வருகிற ரயில் என்பதால் ஆவடி, அம்பத்தூரைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரியம்மாவிடம் சொன்னேன். டிவியில் அவரும் பார்த்திருந்தார். குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் குடம் சொச்சம். “அத்தனை ரேஸு,” என்றார். கணக்கு மறக்கவில்லை.

இப்போது என் அக்கா மகன் திருமுல்லைவாயில் ஃபிளாட்டில் தன் அறையில் உட்கார்ந்து ரைடர்ஸ் ரிபப்ளிக் ஆடுகிறான். 2021இல் யூபிசாஃப்ட் வெளியிட்டது. சைக்கிள், பனிப்பலகை, இறக்கை கட்டிப் பறப்பது எல்லாம் ஒரே மலையில். ஏ.சி. 24இல், கதவு சாத்தி, காதில் ஹெட்போன். ஒரே ரேஸில் 64 பேர் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள்.

“யார்ரா இவங்கெல்லாம்?”

“தெரியல மாமா. எவனோ.”

எங்கள் ஹாலில் பன்னிரண்டு பேர்தான். எல்லார் வீட்டு ரேஷன் கார்டில் எத்தனை யூனிட் என்பது வரை தெரியும். அதனால் அன்பு பொங்கி வழிந்தது என்று நினைக்க வேண்டாம். தெரிந்ததால்தான் சண்டையும் அத்தனை வாகாக வந்தது. ஜாய்ஸ்டிக் ஒயரால் கழுத்தை நெரித்த சம்பவம்கூட உண்டு. இவன் 64 பேரில் கடைசியாக வந்தாலும் முகம் மாறாமல் அடுத்த ரேஸுக்குப் போகிறான். பொறாமையாகத்தான் இருந்தது. அந்தப் பொறுமை எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

நிஜப் பனி காட்டுகிறேன் என்று அவனை ஈ.சி.ஆரில் வி.ஜி.பி. ஸ்னோ கிங்டம் கூட்டிப்போனேன். டிக்கெட், ஜாக்கெட், கையுறை, பூட்ஸ். வெளியே ஈஞ்சம்பாக்கத்து வெயில். கதவுக்கு அந்தப் பக்கம் உறைகிற குளிர். குனிந்து ஒரு பிடி அள்ளினேன். ஃப்ரீசரில் சுரண்டி எடுத்த அதே சாமான், அளவுதான் கூட. என்னைச் சுற்றி இருந்த பெரியவர்கள் எல்லாரும் ஒரு பிடி அள்ளி ஆகாயத்தில் வீசி, அதை மொபைலில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவன் ஓரமாக நின்று, “மாமா, ஸ்பீடே இல்ல,” என்றான்.

அண்ணன் இருப்பது கால்கரியில். ஒரு கோடையில் வான்கூவரிலிருந்து விஸ்லர் போகும் சாலையில் நிஜ கரிபால்டி மலையைப் பார்த்து போட்டோ அனுப்பினான். “நம்ம கரிபால்டிடா.” காருக்குள்ளிருந்தே எடுத்தது, கண்ணாடியில் வைப்பர் தெரிந்தது. பனிப்பலகை மேல் இதுவரை ஒரு தடவையும் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், “முட்டி போனா லீவு யார் குடுப்பா?” என்கிறான். பனி அவனுக்கு இப்போது வாசல் வேலை. அந்த ஊர் முனிசிபல் சட்டப்படி பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து தள்ளுகிறான். தள்ளி முடிப்பதற்குள் மறுபடி கொட்டும் என்று சொல்லும்போது அவன் குரலில் அம்பத்தூர் லாரிக்காரர்களை நினைத்துப் பேசுகிற தொனி வந்துவிடுகிறது.

போன டிசம்பரில் பெரியம்மா அங்கே போயிருந்தார். வீடியோ காலில் வந்தார். மங்கி குல்லா, இரண்டு ஸ்வெட்டர், மேலே அண்ணனின் கோட்டு. ஜன்னலைக் காட்டினார். வாசல், கார், தபால் பெட்டி எல்லாம் வெள்ளை. “எத்தினி தண்ணி பாரு! எல்லாத்தையும் தள்ளி ஓரமா கொட்றானுங்க. இந்த வாசல்ல மட்டும் நூறு குடம் தேறும்.” முதல் நாள் ஒரு பக்கெட் நிறைய அள்ளி வந்து பாத்ரூமில் உருக வைத்தாராம். கடைசியில் அடியில் இவ்வளவூண்டு நின்றதைப் பார்த்து, பனியும் பால்காரன் புத்திதான் என்று முடிவு செய்துவிட்டார்.

பேரனுக்குப் பதிமூன்று வயது. பள்ளியிலிருந்து மலைக்குக் கூட்டிப்போய்ப் பனிப்பலகை கற்றுக்கொடுக்கிறார்கள். அவன் வீட்டில் உட்கார்ந்து வீடியோ கேமில் கால்பந்து ஆடுகிறான். பெரியம்மா போன இரண்டாம் வாரம் விலை நிர்ணயமாகிவிட்டது. நடைபாதையில் ஒரு பக்கம் முழுக்கத் தள்ளினால் அரை மணி நேரம் கேம். பாதி தள்ளிவிட்டு உள்ளே வந்தால் பாதி மேட்ச்சில் ஸ்விட்ச் ஆஃப். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்று பையன் இங்கிலீஷில் பேரம் பேசிப் பார்த்தானாம். அண்ணன் மொழிபெயர்த்துச் சொன்னான். அரை மணிக்கு மேல் அவர் ஏறவில்லை.